படியேறி வந்த பாடசாலைத் தாதி

எங்கள் மகளின் புத்தகப் பைக்குள் மடித்து வைத்திருந்த அந்த மஞ்சள் கடிதத்தை நாங்கள் இன்றும் மறக்கவில்லை. 1992ஆம் ஆண்டு மாசி மாதம். கனடாவுக்கு வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், இரண்டு அறை வீட்டில் இரண்டு குடும்பங்களாக இருந்தோம். எங்களில் ஆங்கிலம் ஓரளவு தெரிந்தவர் உணவகமொன்றில் கோப்பை கழுவப் போயிருந்தார். வீட்டில் இருந்தவருக்குக் கடிதத்தின் தலைப்பில் இருந்த பாடசாலையின் பெயரும், நடுவில் தடித்த எழுத்தில் இருந்த ஒரு வரியும் மட்டுமே விளங்கின. பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்ப வேண்டாம் என்று அந்த வரி சொன்னது.

ஏன் என்று தெரியவில்லை. எங்கள் அகதி விசாரணைக்கு இன்னும் ஆறு கிழமைகள் இருந்தன. பிள்ளை என்ன பிழை செய்தாளோ, அது விசாரணையில் வருமோ என்று வயிறு கலங்கியது. கடைசியில் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னோம். அவனுக்குப் பன்னிரண்டு வயது. வாசித்துவிட்டு, “அன்ரி, தலையில பேனாம்” என்று சிரித்தான்.

பயம் போய் வெட்கம் வந்தது. வெட்கம் பயத்தைவிடப் பொல்லாதது. ஊரில் பேன் இல்லாத பிள்ளை ஏது? பின்னேரங்களில் விறாந்தையில் இருந்து அம்மம்மா ஈர்வலிக்க, பேத்தி நித்திரையாகிப் போவாள். அது ஒரு நோயென்றே எவரும் நினைத்ததில்லை. இங்கே அது அச்சடித்த கடிதமாக வந்தபோது, எங்களையே அழுக்கென்று யாரோ எழுதி அனுப்பியதுபோல் இருந்தது. அன்றிரவு மகளின் இடுப்பு வரை தொங்கிய தலைமயிரைக் கத்தரிக்கோலால் வெட்டினோம். அவள் அழவில்லை. வெட்டி விழுந்த பின்னலைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

மூன்று நாட்கள் அவளை வீட்டிலேயே வைத்திருந்தோம். நான்காம் நாள் கதவு தட்டுப்பட்டது. கதவின் துவாரத்தால் பார்த்தால், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கையில் ஒரு பையுடன் வெள்ளைக்காரப் பெண் ஒருவர். இமிக்கிறேசன்காரர் என்றே நினைத்தோம். மூச்சுக் காட்டாமல் நின்றோம். அவர் இன்னொரு முறை தட்டிவிட்டு, கதவின் கீழால் ஒரு துண்டைத் தள்ளிவிட்டுப் போனார். மறுநாள் அதே நேரத்துக்குத் திரும்பி வந்தார். இம்முறை தமிழ் பேசும் பெண் ஒருவரையும் அழைத்து வந்திருந்தார். “தங்கச்சி, பயப்பிடாதேங்கோ, இவ பள்ளிக்கூடத்து நேர்ஸ்” என்று வெளியிலிருந்து குரல் வந்த பிறகுதான் கதவைத் திறந்தோம்.

இந்தப் பழைய கதையை இன்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. அண்மையில் வந்து சேர்ந்த குடும்பங்களிடமிருந்து அதே கேள்வியை இன்றும் கேட்கிறோம். “பள்ளிக்கூடத்திலயிருந்து நேர்ஸ் போன் எடுத்தவ, என்ன சொல்லுறது?” சிலர் போனை எடுப்பதில்லை. சிலர் கடிதத்தைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். பாடசாலைத் தாதி என்பவர் யார், அந்த வேலை எப்படி உண்டானது என்று தேடிப் பார்த்தோம். அந்த வேலையே எம்மைப் போன்ற குடும்பங்களுக்காக, எம்முடைய பயங்களைப் போன்ற பயங்களுக்கு நடுவில்தான் பிறந்திருக்கிறது. அதைச் செய்து காட்டியவர் எங்கள் ரொறன்ரோவில் பயிற்சி பெற்ற ஒரு பெண்.

அவர் பெயர் லீனா றொஜர்ஸ். ஒன்ராறியோவில் பிறந்தவர். இன்று ‘சிக் கிட்ஸ்’ என்று நாம் எல்லோரும் அறிந்திருக்கும் ரொறன்ரோ சிறுவர் வைத்தியசாலையில் தாதியர் பயிற்சி பெற்று 1894இல் வெளியேறினார். பின்னர் நியூயோர்க்குக்குப் போய், ஹென்றி ஸ்ரீட் என்ற தெருவில் இயங்கிய தாதியர் இல்லத்தில் சேர்ந்தார். லில்லியன் வால்ட் என்ற தாதி 1893இல் தொடங்கிய இல்லம் அது. வைத்தியசாலையில் நோயாளியை எதிர்பார்த்துக் காத்திராமல், தாதியரே வறியவர்களின் வீடுகளுக்கு மாடிப்படி ஏறிப் போக வேண்டும் என்பது வால்டின் கொள்கை.

அந்தப் பகுதியின் பெயர் லோவர் ஈஸ்ற் சைட். ரஷ்யப் பேரரசில் நடந்த இனப் படுகொலைகளுக்குத் தப்பி வந்த யூதர்கள், இத்தாலியிலிருந்து வறுமைக்குத் தப்பி வந்தவர்கள் என்று கப்பலால் இறங்கியவர்கள் எல்லோரும் அங்கேதான் குவிந்தார்கள். காற்றும் வெளிச்சமும் புகாத மாடிக் குடியிருப்புகள். ஒரு வீட்டில் குடும்பமும் இருக்கும், வாடகை கொடுக்க உதவும் தங்கு ஆட்களும் இருப்பார்கள், அதே அறையில் தையல் வேலையும் நடக்கும். எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வால்ட் 1915இல் எழுதிய நூலில் லூயிஸ் என்ற பையனைப் பற்றிச் சொல்கிறார். அவனுடைய தாய் இறைச்சிக் கடைக்காரர்களின் மேலங்கிகளைத் தோய்த்துப் பிழைத்தவர். ஒரு கையில் குழந்தை, மறு கையால் தோய்ப்பு. மகனுக்குத் தலையில் புண். பாடசாலைக்குப் போகும்போதெல்லாம் ஆசிரியை அவனைத் திருப்பி அனுப்பிவிடுவார். பன்னிரண்டு வயதாகியும் தெருக்கம்பத்தில் உள்ள பெயரை வாசிக்கத் தெரியவில்லையே என்று அவன் வெட்கப்பட்டானாம். இலவச மருந்தகத்துக்குப் பல முறை போயிருக்கிறான், களிம்பும் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அதை எப்படிப் பூசுவது என்று பக்கத்தில் இருந்து காட்ட ஒருவரும் இல்லை. வால்ட் அந்தக் களிம்பையே ஒழுங்காகப் பூசினார். புண் ஆறியது. புரட்டாதியில் பாடசாலையில் சேர்த்துவிட்டார். மறுநாள் மத்தியான இடைவேளையில், அன்று காலை படித்த எழுத்துகளைச் சொல்லிக் காட்டுவதற்காக ஐந்து மாடி ஏறி அவரிடம் ஓடி வந்தானாம் அந்தப் பையன்.

நியூயோர்க் நகரசபை பிள்ளைகளைக் கவனிக்காமல் விட்டிருந்தது என்றும் சொல்ல முடியாது. 1897இல் 150 வைத்தியர்களைப் பாடசாலைகளுக்கு நியமித்தது. மாதம் 30 டொலர் சம்பளம், நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் வேலை. தொற்றுநோய் உள்ள பிள்ளையைக் கண்டுபிடித்து வகுப்பிலிருந்து விலக்குவதுதான் அவர்கள் கடமை. 1902இல் இந்தச் சோதனையைக் கடுமையாக்கினார்கள். பேன், சொறி, சிரங்கு, படர்தாமரை, எல்லாவற்றுக்கும் மேலாக ‘ற்றக்கோமா’ என்ற கண்நோய். இமை உட்புறம் கரடுதட்டி, கவனிக்காமல் விட்டால் பார்வையையே பறித்துவிடும் தொற்று அது. இந்தக் கண்நோய் இருந்தால் எல்லிஸ் தீவில் வந்திறங்கும் இடத்திலேயே ஆட்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம். ஆகவே, பிள்ளையின் கண்ணில் நோய் என்று ஒரு துண்டு வந்தால் அந்தத் தாயின் நெஞ்சு எப்படி அடித்திருக்கும்!

விளைவு என்ன? ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் வெளியே அனுப்பப்பட்டார்கள். கையில் ஒரு துண்டு. அது ஆங்கிலத்தில். தாய்க்கு இத்திஷ் மொழி தெரியும், அல்லது இத்தாலி தெரியும், ஆங்கிலம் தெரியாது. வைத்தியரிடம் போகக் காசில்லை. பிள்ளை தெருவில் விளையாடும். பாடசாலை விட்டதும் வகுப்பில் இருந்த பிள்ளைகள் வந்து அதே தெருவில் அவனோடு சேர்ந்து விளையாடுவார்கள். நோயும் தீரவில்லை, படிப்பும் போயிற்று.

அப்போதுதான் வால்ட் நகரத்தின் சுகாதார, கல்வி அதிகாரிகளிடம் ஓர் ஒப்பந்தம் பேசினார். ஒரு மாதத்துக்கு எங்கள் தாதி ஒருவரை இலவசமாகத் தருகிறோம், பலன் தெரிந்தால் நீங்கள் சம்பளம் கொடுத்து நியமிக்க வேண்டும் என்பது பேச்சு. அனுப்பப்பட்டவர் லீனா றொஜர்ஸ். 1902ஆம் ஆண்டு ஐப்பசி முதலாம் திகதி வேலை தொடங்கியது. நான்கு பாடசாலைகள், சுமார் 10,000 பிள்ளைகள், ஒரேயொரு தாதி.

அவர் செய்தது பெரிய வித்தையில்லை. சிறு புண்களுக்குப் பாடசாலையிலேயே மருந்து கட்டினார். மருந்து கட்டிய பிள்ளையை வீட்டுக்கு அனுப்பாமல் வகுப்புக்கு அனுப்பினார். விலக்கியே ஆக வேண்டிய பிள்ளையின் வீட்டைத் தேடிப் போனார். தாயின் கண்முன்னே செய்து காட்டினார், சில நாள் கழித்துத் திரும்பவும் போய்ப் பார்த்தார். அக்காலத் தாதியர் பேனுக்குச் சொன்ன மருந்து, மண்ணெண்ணெயும் ஒலிவ் எண்ணெயும் சம அளவில் கலந்து பூசுவது. (எங்கள் ஊர்க் கிழவிகளும் மண்ணெண்ணெய்தான் வைத்தார்கள்! இன்று யாரும் அதைச் செய்ய வேண்டாம். தீப்பற்றும், தோலையும் எரிக்கும்.)

முதல் மாதக் கணக்கு எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. 893 தடவை சிகிச்சை, 137 வீடுகளுக்கு நேரில் போனது. இதற்கு முன் எந்த வைத்திய உதவியும் கிடைக்காதிருந்த 25 பிள்ளைகள் குணமாகி வகுப்புக்குத் திரும்பினார்கள். நகரசபை பேச்சுத் தவறவில்லை, மேலும் 12 தாதியரை நியமித்தது. லீனா றொஜர்ஸ் அவர்களுக்குத் தலைமை ஏற்றார். 1902 புரட்டாதியில் பாடசாலைகளிலிருந்து விலக்கப்பட்ட பிள்ளைகள் 10,567 பேர். ஒரு வருடம் கழித்து, 1903 புரட்டாதியில், 1,101 பேர். பத்தில் ஒன்று! நோய் ஒரு வருடத்தில் மறைந்துவிடவில்லை. நோயுள்ள பிள்ளையை என்ன செய்வது என்பது மாறியது.

எல்லாம் நல்லபடி நடந்தது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். 1906ஆம் ஆண்டு ஆனி மாதக் கடைசியில் அதே லோவர் ஈஸ்ற் சைட்டில் ஒரு கலவரம் நடந்தது. மூக்கின் பின்னால் சதை வளர்ந்து, வாயால் மூச்சுவிடும் பிள்ளைகளுக்குச் சத்திரசிகிச்சை வேண்டும் என்று பாடசாலைகள் சொல்லி வந்தன. வெளியே செய்ய வசதியற்ற பிள்ளைகளுக்கு, ஒரு பாடசாலைக்கே வைத்தியர்களை வரவழைத்துச் செய்தார்கள். பெற்றோரிடம் சம்மதக் கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். ஆனால் எதற்குக் கையெழுத்து வைக்கிறோம் என்று எத்தனை தாய்மாருக்கு விளங்கியிருக்கும்? பிள்ளைகள் வாயில் இரத்தத்தோடு வீடு வந்தார்கள். பாடசாலையில் பிள்ளைகளின் கழுத்தை அறுக்கிறார்கள் என்று கதை பரவியது. ஆயிரக்கணக்கான தாய்மார் பாடசாலைகளை முற்றுகையிட்டார்கள், யன்னல்களுக்குக் கல்லெறிந்தார்கள், பிள்ளைகளைத் தாருங்கள் என்று கதறினார்கள்.

அறியாமை, மூடத்தனம் என்று அக்காலத்தில் பலர் எழுதினார்கள். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. அதே மாதம் நடுப்பகுதியில்தான் ரஷ்யப் பேரரசின் பியாலிஸ்ரொக் நகரில் யூதர்கள் படுகொலை செய்யப்பட்டிருந்தார்கள். அந்தச் செய்தி அவர்களுடைய பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்த நாட்கள். சீருடை போட்டவர்கள் பார்த்துக்கொண்டிருக்க வீடுகள் எரிந்த இடங்களிலிருந்து வந்தவர்கள் அந்தத் தாய்மார். அரசாங்கம் பிள்ளையைத் தொட்டது என்றால் அவர்கள் வேறு எதை நினைப்பார்கள்? 1983இல் கொழும்பிலிருந்து கப்பலில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

ஒரு துண்டில் கையெழுத்து வாங்குவதும், ஒரு தாயின் சம்மதத்தைப் பெறுவதும் ஒன்றல்ல. இரண்டாவதற்கு யாராவது படியேற வேண்டும்.

1910இல் லீனா றொஜர்ஸ் ரொறன்ரோவுக்குத் திரும்பினார். இங்குள்ள கல்விச் சபை அவரைப் பாடசாலைத் தாதியரின் மேற்பார்வையாளராக நியமித்தது. அன்றைய ரொறன்ரோவிலும் ஒரு லோவர் ஈஸ்ற் சைட் இருந்தது. ‘வார்ட்’ என்று அழைத்தார்கள். யூதர், இத்தாலியர், சீனர் என்று புதிதாக வந்தவர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். அதன் ஒரு பகுதியில்தான் இன்றைய நகர மண்டபம் நிற்கிறது. கோடையில் நாம் பிள்ளைகளோடு போய்ப் படம் எடுக்கும் அந்தச் சதுக்கம் இருக்கிறதே, அந்த இடத்தில் அன்று குடிசைகள் இருந்தன.

தாதியர் வகுப்புகளில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பல் துலக்கப் பழக்கினார்கள், மூக்குச் சிந்தவும் பழக்கினார்கள். அக்காலப் புகைப்படங்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஒரே நேரத்தில் நாற்பது பிள்ளைகள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு மிகக் கடுமையான முகத்தோடு நிற்பார்கள். தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் மூத்த பெண்பிள்ளைகளுக்குக் குழந்தை பராமரிப்பு வகுப்பு வைத்தார்கள். மெலிந்து, காசநோய் வரக்கூடிய நிலையில் இருந்த பிள்ளைகளுக்கு மரங்களின் கீழ் திறந்தவெளிப் பாடசாலை நடந்தது. ஒன்று ஹை பார்க்கில், இன்னொன்று விக்ரோறியா பார்க்கில். விக்ரோறியா பார்க் என்றால் எம்மவர் பஸ் ஏறும் தெரு என்றுதான் நினைப்போம். அந்தத் தெரு தெற்கே ஏரியில் முடியும் இடத்தில், இப்போது தண்ணீர்ச் சுத்திகரிப்பு நிலையம் நிற்கும் வளவில், உண்மையாகவே ஒரு பூங்கா இருந்தது. பாடசாலை அங்கேதான் நடந்தது.

பின்னர் அவர் பாடசாலை மருத்துவப் பகுதிக்குப் பொறுப்பாயிருந்த வைத்தியர் ஸ்ரதேர்ஸைத் திருமணம் செய்து வேலையிலிருந்து விலகினார். 1917இல் பாடசாலைத் தாதியரின் வேலை பற்றி ஒரு நூல் எழுதி வெளியிட்டார். அதே 1917இல் ரொறன்ரோவின் பாடசாலைத் தாதியர் கல்விச் சபையிடமிருந்து நகரத்தின் பொதுச் சுகாதாரப் பகுதிக்கு மாற்றப்பட்டார்கள். இன்றைக்கும் ஒன்ராறியோவில் அந்த ஒழுங்குதான். ஆகவே உங்களோடு பேசும் தாதி பெரும்பாலும் பாடசாலையின் ஊழியர் அல்லர். பொதுச் சுகாதாரத் தாதி அவர். ஒருவரே பல பாடசாலைகளைப் பார்ப்பார். ஊரில் பி.எச்.ஐ.யும் மிட்வைவும் எப்படியோ, அப்படி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இங்கே, புதிதாக வந்தவர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறோம். தாதி இமிக்கிறேசனுக்கு வேலை செய்பவர் அல்லர். உங்கள் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பது அவருக்குத் தேவையும் இல்லை. பெற்றோரிடம் கடதாசி இல்லை என்பதற்காகப் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்காமல் விட முடியாது என்று ஒன்ராறியோக் கல்விச் சட்டமே சொல்கிறது. ரொறன்ரோ நகரசபையும் தன் சேவைகளுக்குக் குடிவரவு நிலையைக் கேட்பதில்லை என்ற கொள்கையை 2013இல் உறுதிப்படுத்தியது.

மொழி தெரியாவிட்டால் “தமிழ் இன்ரப்பிறற்றர்” என்ற இரண்டு சொல் போதும், சொல்லிவிட்டுக் காத்திருங்கள். பிள்ளையையே மொழிபெயர்க்க விடாதீர்கள். பக்கத்து வீட்டுப் பையனைக் கொண்டு வாசிப்பித்த எங்கள் பிழையை நீங்களும் செய்ய வேண்டாம். பிள்ளைகள் தமக்குச் சாதகமாகவும் மொழிபெயர்ப்பார்கள், அது வேறு கதை!

தடுப்பூசி விடயம் கொஞ்சம் கண்டிப்பானது. ஏற்பு வலி, தொண்டைக் கரப்பன், குக்கல், போலியோ, சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா, மூளைக்காய்ச்சல் ஆகியவற்றுக்கும், 2010இலும் அதற்குப் பின்னும் பிறந்த பிள்ளைகளானால் கொப்புளிப்பானுக்கும் ஊசி போட்ட பதிவு பொதுச் சுகாதாரப் பகுதியிடம் இருக்க வேண்டும். குடும்ப வைத்தியர் ஊசி போட்டாலும் பதிவு தானாகப் போய்ச் சேராது, பெற்றோர்தான் கொடுக்க வேண்டும். கடிதம் வந்தும் பேசாமல் இருந்தால் பிள்ளையை 20 பாடசாலை நாட்கள் வரை நிறுத்தி வைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. இது தண்டனை என்று எண்ணி ஒளிப்பவர்கள் இருக்கிறார்கள். போன் எடுத்துச் சொன்னால் தீரும் காரியம். இடம்பெயர்வில் ஊசி அட்டை தொலைந்துவிட்டதா? தொலைந்தது என்றே சொல்லுங்கள். திரும்பவும் போட்டுக்கொள்ள ஒழுங்கு செய்வார்கள். ஊரில் பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. ஊசியின் தழும்பு தோளடியில் இருந்தால் அதையும் காட்டுங்கள். அந்த ஊசியினால் இங்கே தோலில் செய்யும் காசநோய்ச் சோதனை சிலவேளை நோய் இருப்பதுபோல் காட்டும்.

பேன் பற்றி ஒரு சொல். 1992இல் எங்களுக்கு வந்த கடிதத்தைப் போன்ற கடிதங்களைக் கனடாவின் குழந்தை வைத்தியர் சங்கம் இன்று ஆதரிப்பதில்லை. பேனுக்காகப் பிள்ளையை வகுப்பிலிருந்து விலக்கத் தேவையில்லை என்பதே அதன் அறிவுரை. பேன் நோய் பரப்பாது, பாயாது, பறக்காது. தலையோடு தலை முட்டும்போதுதான் ஏறும். மருந்து வைத்தால் ஏழு முதல் பத்து நாளில் இரண்டாம் முறையும் வைக்க வேண்டும், ஏனென்றால் ஈர் அதற்குள் பொரித்துவிடும். தலைமயிரை வெட்டத் தேவையே இல்லை.

மறைக்காமல் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு அடித்த காயமோ சூட்டுத் தழும்போ கண்டால், தாதியும் ஆசிரியரும் சிறுவர் பாதுகாப்புச் சபைக்கு அறிவித்தே ஆக வேண்டும், அது சட்டம். “நாங்களும் அடி வாங்கித்தானே வளர்ந்தோம்” என்ற நியாயம் இங்கே எடுபடாது. ஆனால், எமது குழந்தைகளுக்குப் பிறவியிலேயே முதுகிலும் பின்புறத்திலும் நீலக் கருமையாக மறு இருப்பதுண்டல்லவா, அதைக் கண்டு கன்றிப்போன காயம் என்று இங்கே சிலர் மயங்கிவிடுவார்கள். வைத்தியரிடம் காட்டி முதலிலேயே பதிந்து வைத்துக்கொண்டால் வீண் கலக்கம் இல்லை.

எங்கள் தாதியிடம் திரும்புவோம். கதவைத் திறந்ததும் அவர் சப்பாத்தைக் கழற்றினார். நாங்கள் சொல்லவில்லை, வாசலில் கிடந்த சப்பாத்துகளைப் பார்த்துத் தானே கழற்றினார். கதிரை ஒன்றுதான் இருந்தது. அதில் இருக்காமல் நிலத்தில் சம்மாணம் கொட்டி இருந்தார். மகளின் வெட்டுப்பட்ட தலையைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு கணம் மாறியதைக் கண்டோம். ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளைத் துவாய் ஒன்றை விரித்து, தலைக்குக் ‘கண்டிசனர்’ பூசி, பையிலிருந்து எடுத்த பேன்சீப்பால் வகிடு வகிடாக வாரினார். அம்மம்மா வாரியதுபோலவே மகள் அவர் மடியில் சாய்ந்தாள். பிறகு எங்கள் தலைகளையும் பார்த்தார். வீட்டில் இருந்த ஏழு பேரில் ஐந்து பேருக்குப் பேன். எங்களில் குளித்து முழுகுவதில் மிகவும் பெருமைப்படுபவரின் தலையில்தான் அதிகம். எல்லோரும் சிரித்தோம். வந்த நான்கு மாதத்தில் அந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

தேத்தண்ணி குடித்துக்கொண்டே, மொழிபெயர்க்க வந்த அக்காவிடம் அவர் மெதுவாக ஒரு விடயம் கேட்டார். பாடசாலையில் தீ எச்சரிக்கை மணிப் பயிற்சி நடந்தபோது மகள் மற்றப் பிள்ளைகளோடு வெளியே போகவில்லையாம். மேசைக்குக் கீழே முகம் குப்புறப் படுத்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கிடந்தாளாம். ஆசிரியை தூக்கினால் உடம்பு விறைத்திருந்ததாம். சொல் கேட்காத பிள்ளை என்று ஆசிரியை எழுதியிருக்கிறார். “வீட்டில் இப்படிச் சத்தம் கேட்டால் என்ன செய்யச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டார் தாதி.

எங்களுக்குப் பேச்சு வரவில்லை. என்ன செய்யச் சொல்லிக் கொடுத்தோம்? விமானம் சுற்றத் தொடங்கினால் பங்கருக்குள் ஓடு. ஓட நேரமில்லையென்றால் விழுந்து படு, காதைப் பொத்து, வாயைத் திற. மூன்று வயதிலிருந்து அவளுக்குப் பழக்கியது அதைத்தான். அவள் சொல்வழி கேட்டிருக்கிறாள்.

அக்கா அதை மொழிபெயர்த்து முடிக்கச் சிறிது நேரம் எடுத்தது. தாதி ஒரு குறிப்பும் எழுதவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, மகள் தூங்கிப் போயிருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது, ஆசிரியையோடு தான் பேசலாமா, எதுவரை சொல்லலாம் என்று எங்களிடம் கேட்டார். எங்களிடம் அனுமதி கேட்ட முதல் உத்தியோகத்தர் இந்த நாட்டில் அவர்தான்.

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை வந்தார். மருந்துக்கடையில் பேன் மருந்துக்குக் காசு கொடுக்காமல் வாங்க ஒரு வழி செய்து தந்தார். போர்நாடுகளிலிருந்து வந்த பிள்ளைகளோடு பேசத் தெரிந்த ஒருவரிடம் மகளை அனுப்பினார். அடுத்த மணிப் பயிற்சி பங்குனிக் கடைசியில் நடந்தது. மணி அடிக்கப் போகிறது என்று ஆசிரியை காலையிலேயே மகளிடம் தனியாகச் சொல்லி, வகுப்பின் பெயர்ப் பதிவேட்டை அவள் கையில் கொடுத்தாராம். பின்னேரம் வீட்டுக்கு வந்தவள், தொப்பியைக் கழற்றி வெட்டுப்பட்ட தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள், “அம்மா, இண்டைக்கு மணி அடிச்சது. லைனில நான்தான் முதல் ஆள்.”